'மாட்டேன்' என்ற கடிதத்தோடு ஒரே கப்பலில்

கடல் தாண்டி வந்த கடிதம் போல்வென் கிராமத்தில் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. உறையில் எவர் பெயர் இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அது சபை முற்றத்துக்கு வந்தாக வேண்டும். குதிரை ஏறுவதற்காகப் போட்டிருக்கும் கல்லின்மேல் செருப்புத் தைக்கிற ஒபதியா யூரன் ஏறி நிற்பார், கண்ணாடியைத் துடைப்பார், தொண்டையைச் செருமுவார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாதி வீடுகளில் ஒரு பிள்ளையாவது ஆஸ்திரேலியாவில் செம்பு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. யார் வீட்டுக் கடிதமானாலும் எல்லார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்கும். யாருக்குப் பல் விழுந்தது, யார் குடிப்பதை நிறுத்தினான், யார் நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்கிறான், எல்லாம்.

1852 பிப்ரவரியின் முதல் ஞாயிறன்று வந்தது பெட்ரோனெல் நங்கேரோவின் மகன் பாஸ்கோவின் கடிதம். கூட்டத்தின் பின்வரிசையில், கைகளைப் போர்வைக்குள் கட்டிக்கொண்டு நின்றாள் லவ்டே செனால்ஸ்.

லவ்டேக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அப்பாவைச் சுரங்கம் எடுத்துக்கொண்டது, அம்மாவைக் காய்ச்சல் எடுத்துக்கொண்டது. பத்து வயதிலிருந்து சுரங்கத்து முற்றத்தில் செம்புத் தாதுக் கல்லைச் சுத்தியலால் உடைத்து உடைத்து, அவள் கை ஊரின் பாதி ஆண்களின் கையைவிடக் கனத்திருந்தது. தலையில் வெள்ளைத் துணித்தொப்பி, இடுப்பில் முன்னால் கட்டிய கோணித்துணி, வாயில் எப்போதும் ஒரு பதில். ஆறு வருடத்துக்கு முன் பாஸ்கோ கப்பல் ஏறக் கிளம்பிய காலையில், கல்லுடைக்கும் கொட்டகை வாசலில் வந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் சுத்தியலை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். திறந்த வாயில் என்ன இருந்தது என்று லவ்டே ஆறு வருடமாக யாரிடமும் கேட்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒபதியா முதல் இரண்டு பக்கத்தைப் படித்து முடித்தார். மூன்றாம் பக்கம் வந்தது. ஒரே தாளில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்று எல்லாரும் செய்வதைப் போல பாஸ்கோவும் செய்திருந்தான். பக்கம் நிறைய நேராக எழுதிவிட்டு, தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக இன்னொரு முறை எழுதியிருந்தான். பார்க்க மீன் வலை மாதிரி இருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் அது கடிதம்.

ஒபதியா அன்று தாளைத் திருப்பிப் பிடித்து, குறுக்கு வரியை முதலில் ஆரம்பித்தார்.

"அம்மா, லவ்டே செனால்ஸ் கிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. என்னைக் கட்டிக்க இங்க வருவாளான்னு..."

முற்றத்தில் ஒரு 'ஆ' எழுந்து பரவியது. லவ்டேயின் காது நுனிவரை ரத்தம் ஏறியது. உலகத்திலுள்ள அத்தனை மணிகளும் அவள் நெஞ்சுக்குள் ஒரே சமயத்தில் அடித்தன. அதே நொடியில் கடலிலிருந்து ஒரு காற்று வந்து தாளைப் பிடுங்கப் பார்த்தது. ஒபதியா இரண்டு கையாலும் அதைப் பிடித்து, நிமிர்த்தி, கண்ணுக்கு அகப்பட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்.

"...இல்லாட்டி கீசியாவைக் கேளுங்க. அவளும் மாட்டேன்னா ரொட்டி சுடத் தெரிஞ்ச எவளா இருந்தாலும் சரி. ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தாப் போதும்."

முற்றம் வெடித்தது. கல்லறைச் சுவரில் சாய்ந்திருந்தவர்கள் சுவரோடு சேர்ந்து குலுங்கினார்கள்.

"லவ்டே, உனக்கு ரொட்டி சுட வருமாடி?"

"அவளுக்குக் கல்லு உடைக்கத்தான் வரும். பாஸ்கோவுக்குப் பல்லு கெட்டிதானே, பரவாயில்லை."

"கண்ணைக் காட்டு பார்ப்போம். ஒரே பக்கமாத்தான் பாக்குதா?"

கீசியா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னை ரெண்டாவதா வெச்சானா அந்தத் தடியன்?" என்று அவளுக்கும் கோபம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை. பெட்ரோனெல் வெட்கத்தில் கடிதத்தைப் பிடுங்கி மார்புக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். லவ்டே ஓடவில்லை. தலையை நிமிர்த்தி, முற்றத்தின் நடுவே நடந்து, வாசல் கதவைத் திறந்து, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். வீட்டுக்குள் போன பிறகுதான் அழுதாள். ஆறு வருடம் சேர்த்து வைத்திருந்த அழுகை, அதனால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மறுநாள் மதியம் வேலைக்கொட்டகையில் பதில் கடிதம் உருவானது. லவ்டேக்குப் படிக்கத் தெரியும். சபையின் ஞாயிறு வகுப்பில் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓய்வு நாளில் எழுதுவது வேலைக் கணக்கில் வரும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே ஒபதியாவை வரவழைத்து, கவிழ்த்த கூடையின்மேல் உட்காரவைத்தார்கள்; அவள் சொல்லச் சொல்ல அவர் ஒரு சொல் மாறாமல் எழுதினார். முப்பது பெண்களும் பேஸ்டியைக் கடித்தபடி சுற்றி நின்று உதவினார்கள். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட அந்தப் பண்டத்தை வாயில் வைத்துக்கொண்டே வசவு சொல்ல அவர்களுக்குத்தான் வரும்.

"எழுதுங்க மாமா. ரொட்டி வேணும்னா ரொட்டிக்கடைக்காரனைக் கட்டிக்கச் சொல்லுங்க."

"அது போதாதுடி. அவன் மீசையைப் பத்திச் சொல்லு."

"ஆமா. போறப்போ மூஞ்சியில மீசை வருமா வராதான்னு ஊரே பந்தயம் கட்டிச்சு. இன்னும் முடிவு தெரியலை, தெரிஞ்சா எழுதச் சொல்லுங்க."

"குதிரையைச் சொல்லு, குதிரையை."

லவ்டே வெளியே எட்டிப் பார்த்தாள். சுரங்கத்து வாசலில் வாளி இழுக்கும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது ஒற்றைக்கண் கிழட்டுக் குதிரை. "அந்தக் குதிரையைக் கட்டிக்கிட்டாலும் கட்டிப்பேன், இவனை மாட்டேன். அதுக்கு ஒத்தைக் கண்ணு. ஒருத்தியைத்தான் பாக்கும்."

கொட்டகை கைதட்டியது. கடைசி வரியாக "மாட்டேன், மாட்டேன், இன்னொரு தடவையும் மாட்டேன்" என்று எழுதி மெழுகு வைத்து ஒட்டினார்கள். உறையின் மேல், பிளிமத் துறைமுகத்தில் அடுத்துப் புறப்பட நின்ற கப்பலின் பெயரை எழுதினார் ஒபதியா: 'கார்னேஷன் கப்பல் வழி.'

மூன்று வாரம் போனது. மூன்று வாரமும் விடாமல் மேல்காற்று அடித்தது. கூரைக்குக் கூரை ஓடு பறந்தது. மத்தி பிடிக்கப் போகிற படகுகள் மணலைவிட்டு நகரவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெட்ரோனெல் நனைந்த போர்வையோடு லவ்டேயின் கதவைத் தட்டினாள்.

"என்னை உள்ள விடு பொண்ணே. திட்டணும்னா உள்ள உக்காத்தி வெச்சுத் திட்டு."

"உங்களை நான் எதுக்குத் திட்டணும் அத்தை?"

"என் பிள்ளை கோழை, சரி. வாய் செத்தவன், அதுவும் சரி. ஆனா ஒருத்தியைக் கேட்டுட்டு அதே மூச்சுல இன்னொருத்தியைக் கேக்குறவன் இல்லடி. எனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். மூணு வாரமா இதை மாருலேயே வெச்சிருக்கேன், சுடுது. நீயே படி."

லவ்டேக்குத் தொடக்கூட மனமில்லை. ஆனால் கிழவி கடிதத்தை அவள் கையில் திணித்துவிட்டாள். லவ்டே ஜன்னலருகில் உட்கார்ந்து, பின்னல் ஊசியை ஒரு வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் நேர் வரிகள்.

'என் பக்கத்து வீட்டு சாம்சன் தனக்கு ஒரு பொண்ணு பாக்கச் சொல்றான். தச்சர் வீட்டு டமாரிஸைக் கேளுங்க. இல்லாட்டி கீசியாவைக் கேளுங்க. அவளும் மாட்டேன்னா ரொட்டி சுடத் தெரிஞ்ச எவளா இருந்தாலும் சரி...'

"சாம்சனுக்கா?" என்றாள் லவ்டே. குரல் அவளுடையதாகவே இல்லை.

பிறகு தாளைத் திருப்பி, குறுக்கு வரிகள்.

'அம்மா, லவ்டே செனால்ஸ் கிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. என்னைக் கட்டிக்க இங்க வருவாளான்னு கேளுங்க. ஊருக்கு முன்னாடி வேண்டாம், தனியாக் கேளுங்க. ஓடைக்கரையில குடைஞ்ச வீட்டுல இருந்தேன், வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போச்சு. இப்ப மேட்டுல கல்வீடு கட்டியிருக்கேன். அவளுக்கு உசரம் ஜாஸ்தி, அதனால வாசலை உசத்தி வெச்சிருக்கேன். இங்க எல்லாரும் விக்டோரியா தங்க வயலுக்கு ஓடுறாங்க. அவ பதிலுக்காகத்தான் நான் நிக்கிறேன். மாட்டேன்னு வந்தா அன்னைக்கே நானும் கிளம்பிடுவேன். அங்க போனவனை அப்புறம் கடுதாசி கண்டுபிடிக்காது அம்மா. ஆனா வேற யாரையும் கேக்காதீங்க. எனக்கு வேற யாரும் வேண்டாம்.'

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதார்கள். அழுகைக்கு நடுவில் பெட்ரோனெல் கேட்டாள்: "நீ என்னடி பதில் போட்டே?"

லவ்டே சொன்னாள். குதிரையை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஐயோ, என் வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டிட்டியே."

"அது போய் மூணு வாரம் ஆச்சு அத்தை. இன்னொண்ணு போட்டா அதுக்குப் பின்னாடிதான் போய்ச் சேரும். அதுக்குள்ள அவர் கிளம்பிடுவார்."

சொல்லிக்கொண்டே எழுந்து தொப்பியைக் கட்டினாள். எங்கே என்று கேட்டதற்கு, "நானே போறேன். கடுதாசிக்குத்தான் ஆளைத் தேடத் தெரியாது," என்றாள், கடைக்குப் போகிறவளைப் போல.

திங்கட்கிழமை காலை பென்சான்ஸ் பட்டணத்தில் குடியேற்ற அலுவலரின் முன் நின்றாள். கல்யாணமாகாத, உழைக்கத் தெரிந்த பெண்களை ஆஸ்திரேலியாவுக்குக் கட்டணமில்லாமல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடத்தைக்கு யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒபதியா போட்டார்; கூடவே நடந்து வந்திருந்தார். நடந்ததை அறிந்ததிலிருந்து அவர் ரொட்டிகூடத் தொடவில்லை. "எதுல வேணும்னாலும் கையெழுத்து வாங்கிக்க கண்ணு, தூக்குத் தண்டனைன்னாலும் சரி," என்றார்.

அலுவலர் ஏட்டைப் புரட்டினார். "உனக்கு யோகம்தான். முந்தாநாள் ஒருத்தி அழுதுக்கிட்டே திரும்பிப் போயிட்டா. ஒரு இடம் இருக்கு. ஆனா உடனே போகணும்."

"எந்தக் கப்பலுங்க ஐயா?"

"கார்னேஷன்."

"அது போய் மூணு வாரம் ஆச்சே."

"எங்கம்மா போச்சு? இந்தக் காத்துல எப்படிப் போகும்? பிளிமத்துலயே நங்கூரம் போட்டு ஆடிக்கிட்டிருக்கு. காத்து திரும்பினதும் கிளம்பும்."

லவ்டேக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள்; அடங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, இடுப்பு வலிக்கச் சிரித்தாள். அலுவலர், "நல்ல நடத்தைன்னுதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று ஒபதியாவைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பிளிமத்துக்கு வண்டி கிளம்பும் வரை பெட்ரோனெல் லவ்டேயின் கையை விடவில்லை. "நான் இனி அவனைப் பார்க்கப் போறதில்லை," என்றாள். "நீ பாரு. எனக்கும் சேத்துப் பாரு."

கப்பல் ஏறிய நான்காம் நாளே கேப்டன் ஹாலிக்கின் எதிரே போய் நின்றாள். அவர் முகம் உப்பில் ஊறிய கயிறு மாதிரி இருக்கும்.

"ஐயா, உங்க அறையில இருக்கிற தபால் மூட்டையில என் கடுதாசி ஒண்ணு இருக்கு. அதை எடுத்துக் குடுத்துடுங்க."

"உனக்கு வந்த கடுதாசியா?"

"நான் போட்ட கடுதாசி."

"போட்டாச்சுன்னா அது உன்னுது இல்லை பொண்ணே. யார் பேரு மேல எழுதியிருக்கோ அவனுது. முத்திரை வெச்ச மூட்டையைப் பிரிச்சா என்னை உள்ள தள்ளிடுவாங்க."

"அதுல தப்பா எழுதிட்டேன் ஐயா."

"அதுல இருக்கிறதுல பாதி தப்பா எழுதினதாத்தான் இருக்கும். போய்ப் படு."

அவளால் படுக்க மட்டும்தான் முடிந்தது. பிஸ்கே விரிகுடாவைத் தாண்டும் வரை வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஆனால் தலையைத் தூக்க முடிந்த அன்றே பெண்கள் பகுதி முழுக்கக் கதை தெரிந்துவிட்டது. அந்த அறுபது பெண்களுக்கும் வேறு பொழுதுபோக்கு ஏது? விவரம் கேட்டுக் கேட்டு ரசித்தார்கள். தையல் போடும்போது குதிரை வரியை ஒரு குழுவாகச் சேர்ந்து பாட்டாகவே பாடினார்கள். யோசனைகள் மட்டும் விதவிதமாக வந்தன.

"கேப்டனை மயக்கு."

"அந்த மூஞ்சியையா?"

"மூட்டையைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவோம். நாலு பேர் சேர்ந்தா ஆச்சு."

லவ்டே அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "அதுல ஊர்க் கடுதாசி எல்லாம் இருக்கு. யாரோட அம்மா செத்ததோ, யாருக்குப் பிள்ளை பிறந்ததோ. என் ஒருத்திக்காக அத்தனை பேரையும் ஊமையாக்கச் சொல்றியா?"

தெற்குக் கடலில் ஐந்து நாள் புயல். கேப்டனின் அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஆறாம் நாள் வெயில் அடித்தபோது, நனைந்த தபால் மூட்டைகளை மேல்தளத்தில் காயப்போட்டார்கள். பெண்களும் காற்று வாங்க மேலே வந்திருந்தார்கள். புயல் போன பின்னும் அடங்காத ஒரு பேரலை கப்பலைச் சரித்தது. ஒரு மூட்டை மட்டும் கயிறு அவிழ்ந்து, வழுக்கிக்கொண்டு, புயலில் உடைந்துபோயிருந்த பக்கவேலியின் இடைவெளியை நோக்கி ஓடியது.

மூட்டையில் பெயின்ட்டால் எழுதியிருந்தது: பர்ரா. பாஸ்கோவின் ஊர்.

லவ்டே அதைப் படித்தாள். இன்னும் இரண்டு கெஜம். அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுமே செய்யாமல் நிற்பதுதான். அவளுடைய வாழ்க்கையைக் கெடுக்க வந்தது தானாகவே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கடவுளே காலால் தள்ளிவிடுவது போல இருந்தது. ஒரு நொடி நின்றாள். அந்த ஒரு நொடியை அவள் பின்னாளில் ஒருபோதும் மறைக்கவில்லை. அப்புறம் குப்புறப் பாய்ந்து, சுத்தியல் பிடித்த இரண்டு கைகளாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டாள். தலையும் தோளும் கடலுக்கு மேல் தொங்கின. மாலுமிகள் காலைப் பிடித்து இழுத்தபோது முழுக்க நனைந்து, மூட்டையை விடாமல், தேம்பிக்கொண்டே சிரித்தாள்.

"விட்டிருக்கலாமேடி பைத்தியமே," என்றாள் அவள் படுக்கைக்குப் பக்கத்துப் படுக்கைக்காரி.

"தெரியும். பேசாத."

கேப்டன் ஹாலிக் அன்று அவளுக்குத் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "அதுலதான் உன் கடுதாசி இருக்குன்னு சொல்றாங்களே?"

"ஆமாங்க ஐயா."

கேப்டன் தாடையைச் சொறிந்தார். "மூட்டையைப் பிரிக்க என்னால முடியாது. ஆனா நாம இறங்கப்போற அடிலெய்டுல இருந்து பர்ராவுக்கு நூறு மைல். மாட்டு வண்டியில போனா எட்டு நாள் ஆகும். தபால் வண்டி ரெண்டே நாள்ல போயிடும். அந்த வண்டிக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். சீட்டு ஒண்ணு எழுதித் தரேன். மூட்டைமேலயே உக்காந்து போ. அதுக்கு முன்னாடி உன்னால போக முடியாது. ஆனா அது உனக்கு முன்னாடி போகாது."

தொண்ணூற்றேழாம் நாள் கரை தெரிந்தது. கேப்டன் சொன்னபடியே தபால் வண்டியில், பர்ரா மூட்டையின்மேல் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு நாளும் குதிரைகள் நாலு கால் பாய்ச்சலில் ஓடின. சிவப்புப் புழுதி அவள் புருவத்தில், பல்லில், காதுக்குள் படிந்தது. ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப்போட்டு மூட்டைமேல் விழுந்தாள். எதிரே வண்டி வண்டியாக ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள், மண்வெட்டியும் சல்லடையுமாக, எல்லாரும் தங்க வயலுக்கு. ஒவ்வொரு முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"யாரைத் தேடுற?" என்றான் வண்டிக்காரன்.

"மீசை இருக்குமா இருக்காதான்னு தெரியாத ஒருத்தரை."

"அப்போ நல்லாத் தேடு."

சனிக்கிழமை மதியம் வண்டி பர்ரா தபால் நிலையத்தின் முன் நின்றது. பாதி ஊர் காலியாகியிருந்தது. மீதிப் பாதி அங்கே காத்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் விக்டோரியாவுக்குப் போகிற பெரிய வண்டி ஒன்று பூட்டித் தயாராக நின்றது. அதன் பக்கத்தில், தபாலில் 'மாட்டேன்' வந்தால் அப்படியே ஏறிவிடலாம் என்று, தோளில் மூட்டையோடு, ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டிப்படியிலுமாகப் பாஸ்கோ நின்றுகொண்டிருந்தான். மீசை இருந்தது. நல்ல மீசை. லவ்டே வண்டிமேல் எழுந்து நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தாள், புழுதிதான் வந்தது.

அதற்குள் தபால் அதிகாரி மூட்டையைப் பிரித்துப் பெயர்களைக் கூவ ஆரம்பித்துவிட்டார். பாஸ்கோ ஓடிவந்து வாங்கினான். முத்திரையை உடைத்தான். பார்த்தான். ஒரே பார்வையில் அவன் முகத்திலிருந்த வெயில் முழுக்க இறங்கிப்போனது.

பர்ராவில் இருந்தவர்களில் பாதிப் பேர் போல்வென் பக்கத்து ஆட்கள். கடல் தாண்டி வந்த கடிதம் இங்கேயும் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. சாம்சன் அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பீப்பாயின்மேல் ஏறினான்.

"குடுடா," என்றான் பாஸ்கோ.

"ஊர்ச் செய்தி இருக்கும்ல? கீசியா என்ன சொன்னாளோ. எல்லாரும் கேளுங்க. 'ரொட்டி வேணும்னா ரொட்டிக்கடைக்காரனைக் கட்டிக்கச் சொல்லுங்க.'"

சிரிப்பு. பாஸ்கோ திரும்பித் தங்க வயல் வண்டியை நோக்கி நடந்தான்.

"'போறப்போ மூஞ்சியில மீசை வருமா வராதான்னு...'"

அப்போதுதான் தபால் வண்டியின் மேலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"...ஊரே பந்தயம் கட்டிச்சு. இன்னும் முடிவு தெரியலை, தெரிஞ்சா எழுதச் சொல்லுங்க."

சாம்சன் தாளைப் பார்த்தான். வண்டிமேல் இருந்த சிவப்பு மண் பொம்மையைப் பார்த்தான். "அப்படியேதான் எழுதியிருக்கு," என்றான் பயந்துபோய்.

"அடுத்தது குதிரை," என்றாள் அந்தப் பொம்மை, இறங்கிக்கொண்டே. "அந்தக் குதிரையைக் கட்டிக்கிட்டாலும் கட்டிப்பேன், இவனை மாட்டேன். அதுக்கு ஒத்தைக் கண்ணு, ஒருத்தியைத்தான் பாக்கும். அப்புறம் மூணு மாட்டேன் இருக்கும். எண்ணிப் பாரு."

"மூணு இருக்கு," என்றான் சாம்சன்.

பாஸ்கோ நின்றுவிட்டான். திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் குரல் இல்லாமல் போய்விடும் என்று பயந்தவனைப் போல முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"லவ்டே?"

"ஆமா."

"மாட்டேன்னு எழுதியிருக்க."

"ஒபதியா மாமா உங்களுக்காக எழுதினதையும் சாம்சனுக்காக எழுதினதையும் கலந்து ஒண்ணாப் படிச்சுட்டார். நீங்க என்னைக் கேட்டுட்டு, இல்லாட்டி கீசியா, இல்லாட்டி ரொட்டி சுடுற எவளாவதுன்னு சொன்னதா ஊரே கேட்டுச்சு. கோபம் வருமா வராதா?"

பாஸ்கோ இப்போது திரும்பினான். கண்கள் நிறைந்திருந்தன. வாயைத் திறந்தான். ஆறு வருடத்துக்கு முன் போலவே அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் ஐம்பது ஆண்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தடவை மூடிட்டுப் போனீங்கன்னா," என்றாள் லவ்டே, "நான் அந்தத் தங்க வயலுக்கும் வருவேன். கப்பலைவிட அந்த வண்டி ஒண்ணும் மோசமா இருக்காது."

"எதை நம்புறது?" என்றான் பாஸ்கோ கடைசியில். "கடுதாசி மாட்டேங்குது. நீ வந்து நிக்கிற."

"கடுதாசி நோகாம மூட்டையில படுத்துக்கிட்டு வந்துச்சு. நான் தொண்ணூத்தேழு நாள் வாந்தி எடுத்துக்கிட்டு வந்தேன். நீங்களே சொல்லுங்க, எதை நம்பணும்?"

கூட்டத்தில் யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். சாம்சன் பீப்பாயிலிருந்து குனிந்து, "அப்போ டமாரிஸ்? கீசியா? ஒருத்தியும் வரலையா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். அவனுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை சபையில் கல்யாணம். முப்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆறு பிள்ளைகள். அந்த மறுப்புக் கடிதத்தை லவ்டே அடுப்பில் போடப் பார்த்தபோதெல்லாம் பாஸ்கோ பிடுங்கி ஒளித்துவைத்தான். 'எனக்கு வந்தது, என்னுது,' என்பான். இன்றும் அது அந்தக் குடும்பத்தின் கடிதக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது; ஒரு மூலையில் கடல்நீர் பட்டு மை கலைந்திருக்கும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தங்க வயல் வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கினான்.

"நங்கேரோ, ஏறுறியா இல்லையா? வெயில் சாயுது."

 பாஸ்கோ தெருவின் நடுவிலேயே தோள்மூட்டையை இறக்கி, மண்டியிட்டு, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகிக்கொண்டது. லவ்டே பக்கத்தில் மண்டியிட்டு ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். போர்வை, மண்வெட்டித் தலை, கறுத்த கெண்டி, வாணலி எல்லாம் தெருப்புழுதியில் உருண்டன. வண்டி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"இந்தக் கெண்டியை எப்போ தேய்ச்சீங்க?" என்றாள் அவள்.

"தேய்க்கணுமா?" என்றான் அவன்.

அவள் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.